காலியாகத் திரும்பாத பாத்திரம்

பைரன் ரோடு, ஜார்ஜியா
1971 ஜூன் 21

அன்புள்ள எர்னஸ்டீனுக்கு,

ஊரிலிருந்து வேறு யாராவது உனக்கு எழுதிச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று உன் அம்மாவின் சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போய்விட்டேன். ரோஸ் கலர், ஓரத்தில் சுருக்கு வைத்தது, அதேதான். சமையலறையிலிருந்து அவசரமாகக் கிளம்பி மேலே கோட்டை மாட்டிக்கொண்டதில் எனக்கே தெரியவில்லை. உள்ளே வெக்கை தாங்காமல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காணிக்கைத் தட்டோடு வரிசை வரிசையாகப் போனேன். சபையார் வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டார்கள். நம் முகத்தில் இன்று ஏதோ ஒளி வீசுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பாடகர் குழுவில் ஒருத்தி தோத்திரப் பாட்டின் நடுவில் குனிந்து இருமினாள். அது இருமல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் சிஸ்டர் ஓவேட்டா பிடித்துக்கொண்டார். "என்ன பிரதர் மாப்ரி, முதுகுல பூ மாதிரி முடிச்சு! யாரு கட்டிவிட்டது?"

"நானேதான்."

"நீங்களா? பின்பாக்கெட்டுல இருந்து கைக்குட்டை எடுக்கவே உங்க தோள் வளையாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி வழி வந்த பிறகு என் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் பீச் பெட்டி தூக்கித் தூக்கிக் கெட்டுப்போன தோள் இது. அந்த நாடாவை நான் எப்போதும் முன்னால் கொண்டுவந்துதான் கட்டுவேன்.

போகட்டும். எழுத வந்த விஷயம் வேறு. அம்மாவின் அடக்கத்தன்று சபையார் கொண்டுவந்த பாத்திரங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். காலியாகக் கொடுக்கக் கூடாதே. எனக்குச் சமைக்கத் தெரிந்தது காப்பி ஒன்றுதான். அதனால் நான் வேலை செய்கிற பழம் கட்டும் ஷெட்டிலிருந்து பீச் பழம் வாங்கி ஒவ்வொன்றிலும் நாலைந்து போட்டுக் கொடுத்தேன். பீச் தோப்புக்கு நடுவில் இருப்பவர்களுக்குப் பீச் பழம்! ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. நல்ல ஜனங்கள்.

எல்லாம் போய் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. வெள்ளை எனாமல், நீல விளிம்பு. ஒரு காதில் எனாமல் பெயர்ந்திருக்கிறது. சின்ன வயதில் நீ வாசற்படியில் போட்டு உடைத்த இடம். திருப்பிப் பார்த்தால் அடியில் சிவப்பு நகப்பூச்சில் அம்மாவின் எழுத்து: வெ. மா. வெர்டெல் மாப்ரி.

கல்லறையிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அது மேஜைக்கு நடுவில் இருந்தது. பீச் காப்ளர். பழத்துண்டுகளை மூடிய மேல்மாவு ஓவனில் பொன்னிறமாக வெந்து, ஓரத்தில் பழச்சாறு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்று. நாங்கள் கை வைப்பதற்கு முன்பே அந்த உடைந்த காதுப் பக்கம் ஒரு கரண்டி எடுத்திருந்தது. அடுப்பிலிருந்து இறக்கியதும் அந்த மூலையில் ஒரு வாய் ருசி பார்ப்பது யார் பழக்கம் என்று உனக்குத் தெரியும்.

சிஸ்டர் ஓவேட்டா ஒரு வாய் சாப்பிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "இது யார் கைன்னு எனக்குத் தெரியும் அலோன்சோ," என்றார். "ஆனா அவளை இப்பத்தானே புதைச்சிட்டு வர்றோம்."

நீ வராததைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதுவதே கேட்கிற மாதிரிதான் இருக்கிறது, என்ன செய்ய. பாத்திரத்தை யார் மூலமாவது நீதான் கொடுத்தனுப்பினாயா? அதை மட்டும் எழுது. போனில் வேண்டாம். நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே லைன், நாலு வீட்டுக் காதும் அதில் இருக்கிறது.

உன் அப்பா
அலோன்சோ


டெட்ராய்ட்
ஜூன் 28

அப்பாவுக்கு,

நான் யாரிடமும் எதையும் கொடுத்தனுப்பவில்லை. அங்கிருந்து இங்கே வருகிறவர்கள்தான் உண்டு. இங்கிருந்து அங்கே போகிறவர்கள் யார்?

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் யாரோ உங்களை வைத்து விளையாடுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. சிவப்பு நகப்பூச்சு எந்தக் கடையிலும் கிடைக்கும். எனாமல் பாத்திரம் எல்லார் வீட்டிலும் இருக்கும். நீங்கள் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறீர்கள். ஏப்ரன் கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். முடிச்சுக்கு வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பாத்திரத்தை நான்தான் எடுத்து வந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி இருந்தீர்கள். போன வருஷம் சபை விருந்துக்கு நான் அதில் காப்ளர் செய்து கொண்டுபோனேனே, மறந்திருக்க மாட்டீர்கள். நாள் முழுக்க டெட்ராய்ட் வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்துவிட்டு, நேரமில்லாமல் டின்னில் அடைத்த பீச்சைக் கொட்டிச் செய்தேன். பீச் காய்க்கிற மாதத்தில், பீச் காய்க்கிற ஊரில், அம்மாவின் பெயர் எழுதிய பாத்திரத்தில் டின் பீச். சாப்பிட்டவர்கள் அது அம்மா செய்தது என்று நினைத்தார்கள். "வெர்டெலுக்கு வயசாயிடுச்சு போல" என்று பாஸ்டரின் மனைவி சொன்னது அம்மா காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் போட்ட சண்டை பீச்சைப் பற்றியது இல்லை. நான் போகப்போவதைப் பற்றியது. ஆனால் பேசினதெல்லாம் பீச்சைப் பற்றித்தான். கோபத்தில் பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்த வாரம் போன் செய்தபோது அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "அந்தப் பாத்திரம் இல்லாம என் வாசப்படி ஏறாதே, காலியாவும் கொண்டு வராதே."

ஆகவே அது என்னிடம் இருக்கிறது. உங்களிடம் இருக்க முடியாது.

என்னிடம் இருந்தது.

வேறு எதுவும் இப்போது எழுத முடியவில்லை. நன்றாகச் சாப்பிடுங்கள்.

எர்னஸ்டீன்


பைரன் ரோடு
ஜூலை 5

அன்புள்ள டீனிக்கு,

சின்ன வயதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபப்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். 'இருக்கிறது', பிறகு 'இருந்தது'. அந்த இரண்டுக்கும் நடுவில் நீ என்னவோ விழுங்கியிருக்கிறாய். நான் எட்டாவதோடு நிறுத்தியவன்தான். ஆனால் உன் முகத்தைப் பார்க்காமலே உன்னைப் படிக்கத் தெரியும்.

இங்கே நடந்ததைக் கேள். பாத்திரம் யாருடையதாக இருந்தால் என்ன, நம் வீட்டு மேஜையில் சாப்பாட்டோடு வந்தது. சாப்பாட்டோடுதான் போக வேண்டும். யாரிடம் போக வேண்டும் என்பது பிறகு. அதனால் சனிக்கிழமை மத்தியானம் நானே காப்ளர் செய்தேன்.

சிரிக்காதே. பழத்தைக் கொதிநீரில் முக்கித் தோலை உரித்தேன். பாதித் தோல் பழத்தோடும் பாதி என் கையோடும் வந்தது. துண்டு போட்டு, ஜாதிக்காயைத் துருவிப் போட்டு, வெண்ணெய் சேர்த்து, உன் அம்மா சர்க்கரை என்று எழுதி வைத்திருக்கும் டப்பாவிலிருந்து இரண்டு கப் அள்ளிக் கொட்டிக் கொதிக்கவிட்டேன். மாவைத் தேய்க்கக் கட்டை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சோடா பாட்டிலால் தேய்த்தேன். மாவு ஜார்ஜியா வரைபடம் மாதிரி வந்தது. அதைக் கிழித்துக் கிழித்து மேலே ஒட்டி ஓவனில் வைத்தேன். வெந்ததும் பார்க்க அவ்வளவு மோசமில்லை. ஆறட்டும் என்று ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, வாசலில் ஐஸ் வண்டிச் சத்தம் கேட்கிறதே என்று போனேன். வண்டி நிற்கவில்லை. திரும்பி வந்தேன். திண்டில் பாத்திரம் இல்லை.

நாய் தூக்கியிருக்கும் என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். டியூக் மேஜைக்கு அடியில்தான் படுத்திருந்தது. வாலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளே வந்ததற்கு அது தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்த வால் எனக்காக ஆடவில்லை. ஜன்னலைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ரோஜாச் செடி. அதைத் தாண்டித்தான் ஒருவர் எட்ட முடியும். ஒரு கிளைகூட ஒடியவில்லை. பட்டப்பகல். ரோட்டில் ஒருவரும் இல்லை.

என்னிடம் உண்மையைச் சொல் கண்ணு. உன்னிடமிருந்த பாத்திரம் எப்போது காணாமல் போனது?

அப்பா


டெட்ராய்ட்
ஜூலை 12

அப்பா,

முதலில் உங்கள் சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். பிறகு மீதியைப் படியுங்கள்.

வைத்தீர்களா?

அது உப்பு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீங்கள் செய்த காப்ளரை நான் சாப்பிட்டேன். நீங்கள் செய்த அதே சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். பின்பக்கப் படிக்கட்டில் எனாமல் பாத்திரம் இருந்தது. நீல விளிம்பு. உடைந்த காது. மேலே கிழித்துக் கிழித்து ஒட்டிய மாவு. கையை வைத்தேன், சுட்டது. யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு வாய் போட்டேன். கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. துப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கடிதம் வியாழக்கிழமைதான் வந்தது.

உடைந்த காதுப் பக்கம் ஒரு கரண்டி எடுத்திருந்தது அப்பா. அந்த உப்பையும் அம்மா ருசி பார்த்திருக்கிறார்.

இப்போது நான் விழுங்கியதைச் சொல்கிறேன். அம்மா போன செய்தி வந்ததும் பஸ் டிக்கெட் வாங்கினேன். பெட்டி கட்டினேன். அம்மா சொன்ன மாதிரியே, பாத்திரத்தோடு போக வேண்டும், காலியாகப் போகக் கூடாது என்று காப்ளர் செய்தேன். கடையில் கிடைத்த பழம், டின் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அதைப் படிக்கட்டில் ஆற வைத்துவிட்டு உடை மாற்றப் போனேன். வந்து பார்த்தால் இல்லை. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா திருமதி நோவாக்தான் எடுத்தார் என்று அவர் கதவைத் தட்டிச் சண்டை போட்டேன். பாவம் அவர். "உன் பாத்திரம் எனக்கு எதுக்கும்மா, என் அடுப்பே அணைஞ்சு கிடக்கு" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாத்திரம் இல்லாமல் என் வாசற்படி ஏறாதே என்றவர், இப்போது பாத்திரத்தையும் பிடுங்கிக்கொண்டார். வரவே வேண்டாம் என்று இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்வார்? பெட்டியைக் கீழே வைத்தேன். அடக்கத்துக்கு வராத மகள் என்று ஊர் சொல்லும் என்று தெரிந்துதான் வைத்தேன்.

அம்மா என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறாரா அப்பா? அவரோடு முப்பது வருஷம் இருந்தவர் நீங்கள்தான். சொல்லுங்கள்.

டீனி


பைரன் ரோடு
ஜூலை 19

என் டீனிக்கு,

உப்புத்தான். அரை டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு எழுதுகிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உன் அம்மா டப்பாக்களை மாற்றி வைத்திருக்கிறாள். நான் திருட்டுத்தனமாக அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன் என்று. உண்மையான சர்க்கரை சோப்புத்தூள் டப்பாவில் இருந்தது. இத்தனை நாள் என் சட்டைகளை எதில் துவைத்தேன் என்று கேட்காதே. ஷெட்டில் எறும்பு என்னை மட்டும் ஏன் தேடி வந்தது என்று இப்போது புரிகிறது.

கோபமா என்று கேட்டாய். நான் உன் அம்மாவோடு குடும்பம் நடத்தியதில் கற்றது இதுதான். கோபமாக இருந்தால் அவள் சாப்பாட்டைத் தொட மாட்டாள். துணியைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவாள். டின் பீச் காப்ளரை அவள் துணி போட்டு மூடியதை நீயே பார்த்தாய். நீ வியாழக்கிழமை செய்தது சனிக்கிழமை அடக்கத்தன்று நம் மேஜையில் ஆவி பறக்க இருந்தது, ஒரு வாய் எடுத்திருந்தது. உன்னை வர வேண்டாம் என்று சொல்ல ஒருத்தி அவ்வளவு தூரம் சுடச்சுடத் தூக்கிக்கொண்டு வருவாளா? சாகும்வரை அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு எதற்கும் பொறுமை கிடையாது. பஸ் வரும்வரை காத்திருக்க முடியவில்லை, தானே வந்து எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். நீ அதைத் தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. உன் கடிதம் வந்த பிறகு சோதித்துப் பார்த்தேன். ஏப்ரனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாடாவை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றேன். நல்ல வெயில். ரேடியோவில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பவில்லை. டியூக்கின் வால் முதலில் தட்ட ஆரம்பித்தது. பிறகு இடுப்பில் நாடா இறுகியது. மெதுவாக இல்லை. கடைசியில் ஒரு இழுப்பு அதிகமாக. சபை விருந்தில் நான் காப்பியில் சர்க்கரை போட்டுப் பிடிபட்ட நாட்களில் சட்டையைப் பிடித்து இழுப்பாளே, அந்த இழுப்பு.

அப்புறம் பார்த்தபோது நாடாவில் கோதுமை மாவு ஒட்டியிருந்தது. அன்று நான் மாவைத் தொடவே இல்லை.

டீனி, பாத்திரம் இப்போது உன்னிடம் இருக்கிறது. காலியாக வைத்திருக்காதே. கழுவி, நிரப்பி, நீயே கொண்டு வா.

அப்பா


டெட்ராய்ட்
ஜூலை 26

அப்பா,

நான் தைரியசாலி என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தனியாகப் பட்டணத்துக்குப் போன பெண் என்று. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க சுவரோடு முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீயே கொண்டு வா என்று எழுதினீர்கள். எனக்குக் கேட்காமல் கிளம்ப மனம் வரவில்லை. அதனால் சனிக்கிழமை சந்தையில் நல்ல பீச் வாங்கினேன், மூக்கில் வைத்து முகர்ந்து முகர்ந்து. காப்ளர் செய்தேன். பின்பக்கப் படிக்கட்டில் வைத்தேன். வைத்துவிட்டுச் சத்தமாகக் கேட்டேன், "அம்மா, நான் வரட்டுமா?" உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து திருமதி நோவாக் இறங்கி வந்தார்.

"ஊர்ல இருந்து உன் சொந்தக்காரங்களா? வந்த உடனே போறாங்களே, உக்காரச் சொல்லக் கூடாதா?"

"யாரு?"

"ஊதாத் தொப்பி போட்டுக்கிட்டு ஒரு அம்மா. இறகு வெச்ச தொப்பி. அடுப்புல இருந்து எடுத்த பாத்திரத்தைத் துணிகூட பிடிக்காம வெறுங்கையில தூக்கிட்டுப் போறாங்க. கை பொத்துப் போகாதா? நான் ஜன்னல்ல இருந்து கூப்பிட்டேன், திரும்பல."

"எந்தப் பக்கம் போனாங்க?"

அவர் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "வேலிப் பக்கம்," என்றார். "அங்க வழி இல்லையே" என்று தானே சொல்லிக்கொண்டு, மாடி ஏறிப் போய்விட்டார். இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் சிலுவை போட்டுக்கொள்கிறார்.

அம்மாவின் ஊதாத் தொப்பி அலமாரியில்தானே இருக்கிறது? போய்ப் பாருங்கள். இருக்கிறது என்று எழுதுங்கள்.

பாத்திரம் உங்களுக்கு வந்ததா? என்ன பதில் வந்தது? உங்கள் கடிதம் வரும்வரை நான் டிக்கெட் வாங்க மாட்டேன். இன்னொரு முறை பெட்டியைக் கட்டிக் கீழே வைக்க என்னால் முடியாது.

டீனி


பைரன் ரோடு
ஆகஸ்ட் 11

என் டீனிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஷெட்டில் வேலை அதிகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. பொய் எழுதவும் படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

தொப்பி அலமாரியில் இல்லை. அம்மா தலையில் இருக்கிறது. தொப்பியோடு பெட்டியில் வைக்கும் வழக்கம் இல்லை என்று சவப்பெட்டிக்காரர் சொன்னார். "தொப்பி இல்லாம அவ எந்தச் சபைக்கும் போனதில்லை, இப்ப மட்டும் எப்படிப் போவா?" என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நீ வந்திருந்தால் பார்த்திருப்பாய். இதை உன்னைக் குத்த எழுதவில்லை.

பாத்திரம் வந்தது. நீ வைத்த அதே சனிக்கிழமை மத்தியானம், ஜன்னல் திண்டில். வழக்கமாக ஒரு வாய்தானே எடுத்திருக்கும். இந்த முறை பாதி காலி. ஓரத்தில் ஒட்டிய சாற்றைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தது. மீதிப் பாதியை எனக்கு வைத்திருந்தாள். நடுவில் கரண்டி நின்றுகொண்டிருந்தது. பிரமாதமாகச் செய்திருந்தால் அவள் வாயால் சொல்ல மாட்டாள், கரண்டியை அப்படி நட்டு வைத்துவிட்டுப் போவாள். ஆக, பதில் வந்துவிட்டது கண்ணு. வரச் சொல்கிறாள்.

இதை அன்றைக்கே எழுதி இருக்க வேண்டும். எழுதவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பாத்திரத்தைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன். நிரப்பவில்லை. நிரப்பாவிட்டால் அது போகாது. போகாவிட்டால் நீ கொண்டுவர ஒன்றும் இருக்காது. நீ கொண்டுவராதவரை அவள் வேலை முடியாது. வேலை முடியாமல் அவள் எழுந்து போனதே கிடையாது. இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போட்டேன் என்று சொல்ல முடியாது. கையே அலமாரியைச் சாத்திவிட்டது.

அந்த நாட்களில் தினமும் மத்தியானம் ஷெட்டிலிருந்து சாப்பிட வீட்டுக்கு வந்தேன். ஏப்ரனை மாட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நிற்பேன். டியூக் வாலைத் தட்டும். நாடா இறுகும். நான் ஷெட் கதைகளைச் சொல்வேன். புது மேஸ்திரி பழப்பெட்டிமேல் உட்கார்ந்து பேன்ட் நனைந்த கதை, ஓவேட்டாவின் புதுப் பல் கதை. எனக்கு நன்றாகத்தான் இருந்தது டீனி. உண்மையில் மிக நன்றாக இருந்தது. பதில் பேச்சுதான் வரவில்லை. அது ஒன்றும் புதிதில்லையே.

நேற்று சிஸ்டர் ஓவேட்டா ஊறுகாய் கொண்டுவந்தார். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

"அலோன்சோ, ஜன்னல்கிட்ட தரை ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?"

பார்த்தேன். ஜன்னலுக்கு நேராக மரப்பலகையில் இரண்டு இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பக்கம் பக்கமாக. ஒருவர் வெகுநேரம் நின்று நின்று தேய்ந்த மாதிரி. ஒன்று மற்றதைவிட ஆழம்.

உன் அம்மாவுக்கு இடது முழங்கால் வலி. எப்போதும் வலது காலில்தான் பாரத்தைப் போட்டு நிற்பாள்.

ஓவேட்டா ஊறுகாய் ஜாடியைக் கீழே வைத்தார். "யாரையாவது காக்க வெச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். நான் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் உட்காரவில்லை. பாத்திரம் எப்போது நிறையும் என்று ஜன்னலோரம் அந்தக் காலோடு நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

இன்று வேலைக்குப் போகவில்லை. சீசன் முடியப்போகிறது, கடைசி மரத்துப் பழம். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எடுத்தேன். சர்க்கரையைச் சோப்புத்தூள் டப்பாவிலிருந்து எடுத்தேன், முதலில் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான். மாவு தேய்க்கிற கட்டை மேஜைமேலேயே இருந்தது. நான் எடுத்து வைக்கவில்லை. கேள்வி கேட்காமல் தேய்த்தேன். இந்த முறை வட்டமாகவே வந்தது.

சுடச்சுட ஜன்னல் திண்டில் வைத்தேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது உன்னிடம் வந்திருக்கும். அதைச் சாப்பிடு. கழுவு. மறுபடி நிரப்பு. படிக்கட்டில் மட்டும் வைக்காதே. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறு. யார் கேட்டாலும் இறக்கி வைக்காதே. இங்கே வந்ததும் வாசற்படி ஏறி, நேராக உள்ளே வந்து, மேஜை நடுவில் நீயே உன் கையால் வை. மூன்று கரண்டி எடுத்து வைத்திருப்பேன். அதற்கப்புறம் அந்த ஜன்னல் வெறும் ஜன்னலாகிவிடும், டியூக் வெறும் நாயாகிவிடும் என்று எனக்குத் தெரியும். நீ வா.

பாத்திரத்தைத் திண்டில் வைத்த பிறகு நான் ஐஸ் வண்டி என்று சாக்குச் சொல்லி வெளியே போகவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு தொட்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். டியூக்கின் வால் தட்டியது. பின்னால் திண்டில் எனாமல் உரசுகிற சத்தம் கேட்டது. ஜாதிக்காய் வாசனை என் தோளைத் தாண்டிப் போனது. திரும்பியிருந்தால் தொப்பியின் இறகாவது தெரிந்திருக்கும்.

"பாத்து வெர்டெல், சுடும்," என்றேன்.

'கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்' என்பதை மட்டும் சொல்லவில்லை.

உன் அப்பா